பதினான்கு அங்குலம்

கார் சீட்டுக்குக் குஷன் தைக்கிறவனுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், இடுப்பளவு மறக்காது. விராலிமலையில் ஹைவே ஓரமாக இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷம் கழித்து ஒரு லாரிக்காரர் வந்து இறங்கினாலும், முன்பைவிட இரண்டு அங்குலம் பெருத்திருக்கிறார் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். பெயர் கேட்டால் விழிப்பேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. சேவுகன் ஆகிய நான், நானாக வந்து, காகிதம் கேட்டு வாங்கி, என் கைப்பட எழுதுகிறேன். என் தங்கை இலக்கியா இறந்துபோன விபத்து பற்றிய அறிக்கையில், 'தரமற்ற தையலால் சீட் பெல்ட் பிரிந்தது' என்று இருக்கிறது. அந்த பெல்ட்டைத் தைத்தவன் நான். தையலில் ஒரு குறையும் கிடையாது. அங்குலத்துக்கு ஏழு தையல், சதுரம் அடித்து நடுவே பெருக்கல் குறி. மிச்சம் இருப்பதை எண்ணிப் பாருங்கள், ஒன்று கூடக்குறைய இருக்காது. நூல்தான் வேறு. அதை விளக்கிவிட்டால் என் வேலை முடிந்தது.

அப்பா செத்தபோது எனக்கு இருபத்திரண்டு, இலக்கியாவுக்கு எட்டு. அம்மாவும் அடுத்த வருஷமே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் நான். எனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள நேரம் கிடைக்கவில்லை. சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சொல்ல வேண்டிய இடங்களில் அவள் சொன்னதே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் பொன்னமராவதியில் கணக்கு வாத்தியார். ஆள் நல்ல கனம். கல்யாணத்தன்று மேடை நாற்காலியில் உட்கார்ந்தபோதே இரண்டு பக்கமும் பிதுங்கியது. அப்போதே மனதில் பத்தொன்பது அங்குலம் என்று குறித்துக்கொண்டேன். சமைப்பார், துணி காயப்போடுவார், பொண்டாட்டி எதைச் சொன்னாலும் மண்டையை ஆட்டுவார். அவரை நாலு பேர் முன்னால் மாப்பிள்ளை என்று கூப்பிடவே எனக்குக் கூசும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். போர்டிகோவில் ஒரு கார் நான்கு ஸ்டாண்டு மேல் நின்றது. பதினெட்டு வருஷத்துப் பழைய டர்போ டீசல். டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுற்றி, என்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கிற சாமான். அதைப் பெரிதாக மாற்றி, சூட்டைத் தணிக்க முன்பக்கம் ஒரு ரேடியேட்டர் மாதிரி வைத்து, பந்தய ட்ராக்கில் விரட்டப் போகிறார்களாம். பின்சீட்டு, ஏசி, தரைவிரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் முற்றத்தில் கிடந்தன. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி போட்ட கால்கள்.

"வாங்கண்ணே. அங்கிட்டு பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கெடக்கும், எடுத்துக் குடுங்களேன்" என்றது குரல்.

"தெருவே பாக்குது. மொதல்ல எந்திரி."

"பாக்கட்டும்ணே. டர்போவக் கழட்டி வச்சிருக்கேன். பாதியில விட்டா மண்ணு போயிரும்."

மாப்பிள்ளை இடுப்பில் பிள்ளையோடு காபி கொண்டுவந்தார். "குடிங்க மச்சான். கார எடைமேடையில ஏத்திப் பாத்தோம். தொண்ணூத்தாறு கிலோ கொறச்சிருக்கா" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. இந்த மனுஷனுடைய பைத்தியத்துக்கு என் தங்கை கையில் கிரீஸ் பூசிக்கொண்டு திரிகிறாளே என்று அன்றைக்கே எனக்கு அவர்மேல் கசப்பு ஏறிவிட்டது. ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

மாசி மாதம் டீக்கடையில் பழக்கடை வெள்ளைச்சாமி போனை நீட்டினார். அதில் ஒரு வீடியோ. தங்கை வீட்டில் பார்த்த அந்தக் கார் ஒரு ட்ராக்கில் வளைந்து வளைந்து ஓடுகிறது. "ஒந் தங்கச்சியா ஓட்டுது? புருசன் கம்பி வேலியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு!" என்று கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டியவருக்கு ஹெல்மெட் இருந்தது, முகம் தெரியவில்லை. முகம் தெரியாத ஆளைப் பற்றி நான் ஏன் எதையாவது நினைக்க வேண்டும்? மாப்பிள்ளைதான் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டேன். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அவர்கள் பிள்ளைக்கு மூன்று வயது. எங்கள் அம்மா அழகம்மாள் பெயரை வைத்து அழகி என்று கூப்பிடுகிறோம். வைகாசியில் மலைக்கோயிலில் காதுகுத்து என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடு, பட்டுப்பாவாடை, சீர்த்தட்டு எல்லாம் தயார். பத்திரிகையில் தாய்மாமன் என்று போட்டு என் பெயர். ஐயா, அச்சில் என் பெயர் வந்தது அது ஒரு தடவைதான். நூற்றி இருபது வீட்டுக்கு நானே நடந்து கொடுத்தேன்.

பதினைந்து நாள் இருக்கும்போது இலக்கியா போன் செய்தாள்.

"அண்ணே, தேதிய ஒரு வாரம் தள்ளிக்கலாமா? ட்ராக்கு அந்த ஞாயித்துக்கெழமதான் கெடச்சிருக்கு."

"பத்திரிக குடுத்தாச்சும்மா."

"போன்ல சொல்லிக்கலாம்ணே. காது எங்கயும் ஓடிறாது."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். தேதி ஏன் மாறியது என்று எல்லோரும் கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோயிலில் ஏதோ வேலை நடக்கிறது என்று நூற்றி இருபது தடவை பொய் சொன்னேன். சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டே தலையாட்டினார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். யாரோ கழித்துப்போட்ட பந்தயக் கார் சீட்டு ஒன்று வாங்கியிருந்தாள். ஓட்டுகிறவருக்கு அது, இடது பக்கம் காரோடு வந்த அகலச் சீட்டே இருக்கட்டும் என்றாள். புதுச் சீட்டுக்குப் பஞ்சு வைக்க வேண்டும். இரண்டு சீட்டுக்கும் இரண்டு தோளிலும் இடுப்பிலும் பிடிக்கிற பெல்ட் வேண்டும். பட்டையும் கொக்கியும் கொண்டுவந்திருந்தாள். "கடையில ரெடிமேடா கெடைக்கிதுண்ணே. ஆனா நீங்க தச்சாத்தான் எனக்கு நம்பிக்க" என்றாள். காதுகுத்து பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெல்ட்டை நைலான் நூலில்தான் தைக்க வேண்டும். நான் இடது பக்க பெல்ட்டை அப்படித்தான் தைத்தேன். அது என் தங்கை உட்காரும் இடம். வலது பக்க பெல்ட்டைப் பருத்தி நூலில் தைத்தேன், தலையணை உறை தைக்கிற கறுப்பு நூல். மினுமினுப்பு வருவதற்காக நூலில் மெழுகு தடவினேன். கையால் இழுத்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். எங்காவது வேகமாக மோதினால்தான் வித்தியாசம் தெரியும். மோதாவிட்டால் ஒன்றும் இல்லை. ஆகவே நான் யாரையும் எதுவும் செய்ததாகச் சொல்ல முடியாது. மாப்பிள்ளை ஒழுங்காக ஓட்டினால் அவர் வீடு திரும்பலாம். அதை அவரிடமே விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய தேதிக்கே நான் மலைக்கோயிலுக்குப் போனேன். குறித்த நேரத்தில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடி காலியாக இருந்தது. நேரம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளை பேசினார். கார் திருப்பத்தில் வழுக்கி டயர்ச் சுவரில் மோதிவிட்டது என்றார். அதே இடத்தில் அன்று காலை இன்னொரு காரும் மோதி, ஓட்டியவர் ஒரு காயமும் இல்லாமல் இறங்கி நடந்து போனாராம். வழுக்கியதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. அது ஓட்டியவருடைய தப்பு. பெல்ட் கழன்றது என்றார்.

அவர் குரலைக் கேட்டதும் நான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். பருத்தி நூல் அவருக்காகத் தைத்தது. அவர் உயிரோடு போனில் பேசுகிறார். நான் ஆச்சரியப்படவில்லை. யார் ஓட்டினார்கள் என்று கேட்கவும் இல்லை. "பிள்ள பக்கத்துல இல்லையே?" என்று மட்டும் கேட்டேன். பிள்ளை அவர் தோளில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

இழவு வீட்டில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ட்ராக்கில் விடுவதற்கு முன்னால் ஒருத்தர் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, இது கடைச் சரக்கு இல்லையே, யார் தைத்தது என்று கேட்டாராம். இலக்கியா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "எங்க அண்ணன் தச்சது சார். அறாது" என்று சொன்னாளாம்.

மாப்பிள்ளை இதைச் சொன்னபோது அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த வார்த்தையை என்னிடம் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன? அதற்குப் பிறகு என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை.

ஒரு விஷயத்தை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவள் கொண்டுவந்த சீட்டின் உள் அகலம் பதினைந்து அங்குலம். மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது வேண்டும். அதில் அவரைச் செருகவே முடியாது. அவளுக்கும் அது கொஞ்சம் தொளதொளப்பாக இருந்தது. கடையில் என் முன்னால் உட்கார்ந்து காட்டி, "ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம் வைங்கண்ணே, அப்பத்தான் ஆடாம இருக்கும்" என்றாள். வைத்தேன். பதினான்கு. இலக்கியாவின் அளவு பதினான்கு என்பது, அவளுக்குப் பள்ளிக்கூட சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்த காலத்திலிருந்து அவள் அளவைப் பார்த்துவருகிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? சீட்டை முடித்த பிறகுதான், அன்று சாயங்காலம், பருத்தி நூலைக் கோத்தேன்.

எனவே 'தரமற்ற தையல்' என்பதை அடித்துவிட்டு, 'தாய்மாமன் சேவுகன் தெரிந்தே பருத்தி நூலில் தைத்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அழகிக்கு இதுவரை காது குத்தவில்லை. அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். வேறு யார் மடியிலும் உட்கார வைக்க எங்கள் வழக்கத்தில் இடமில்லை. தேதி குறித்தவுடன், அந்த ஒரு நாள் மட்டும் என்னை அனுப்பிவைக்க வேண்டும். தாயில்லாத பிள்ளை, ஐயா. அதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?