பதின்மூன்றாவது பெயர்

மன்றத்தின் நடுவே மாண்போடு வீற்றிருக்கும் அவைத்தலைவர், எங்கள் மேயர், ஆர்டித் கூப்மன் அம்மையார் அவர்களே! ஞாயிறு ஆராதனையை அரை மணி நேரம் சுருக்கி, ஆண்டவரிடமும் அனுமதி வாங்கி, சபையை அப்படியே இந்தப் பள்ளி ஆடுகளத்துக்கு அழைத்து வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! விதைப்புக் காலத்தில் வானம் பார்த்து, மழை பார்த்து, மண்ணின் ஈரம் பார்த்து, இன்று டிராக்டர் வயலில் இறங்காது என்று உறுதியான பிறகே என்னைப் பார்க்க வந்திருக்கும் உழவர் பெருமக்களே! சிரிக்காதீர்கள் டுவேன் மாமா. வெயில் அடித்திருந்தால் இந்த அரங்கில் நானும் நாற்காலிகளும்தான் இருந்திருப்போம் என்பது எனக்குத் தெரியாதா?

எல்லாருக்கும் மேலாக, என் தாய்மார்களே! அந்தக் காலத்து ஆறுபேர் கூடைப்பந்தாட்டத்தின் அரசிகளே! இந்தப் பக்கம் எறிய மூவர், அந்தப் பக்கம் தடுக்க மூவர், நடுக்கோட்டை மிதித்தால் தப்பு என்ற விதிக்குள் நின்றுகொண்டே அயோவாவின் அரங்கங்களை அதிர வைத்தவர்களே! உங்களில் பாதிப் பேர் தடுக்கும் பக்கம் ஆடியவர்கள். பள்ளிப் பருவம் முழுவதும் ஆடியும், வளையத்தை நோக்கி ஒரே ஒரு பந்தைக்கூட எறியாதவர்கள். அதோ மூன்றாம் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கும் ரோண்டா ஹால்வர்சனும் அவர்களில் ஒருவர். என்னைப் பெற்றவர். அவருக்கும் உங்கள் அனைவருக்கும் லிண்டன் கிரோவ் ஊரின் மகள் பிரிட்டாவின் பணிவான வணக்கம்.

இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழைப் பார்த்தேன். 'பாராட்டு விழா' என்று பெரிய எழுத்தில் போன மாதமே அச்சடித்திருக்கிறார்கள். அதன் கீழே ஆர்டித் அம்மையார் தம் கையாலேயே நீல மையில் 'மற்றும் கண்டனக் கூட்டம்' என்று சேர்த்திருக்கிறார்கள். ஒரே மேடை, ஒரே கேக், அதிலேயே பாராட்டு, அதிலேயே கண்டனம்! எதையும் வீணாக்காத ஊர் ஐயா, நம் ஊர்.

பாராட்டு எதற்கு? ஏப்ரல் மாதம் தொழில்முறை லீக்கின் தேர்வில், மூன்றாம் சுற்றில், கடைசிக்கு முந்தைய பெயராக என் பெயரை அழைத்தார்கள். கண்டனம் எதற்கு? அழைத்தவர்கள், பதினொரு நாள் பயிற்சி முகாமில் ஓட விட்டு, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்லூரியில் கடைசி ஆண்டு ஆடி முடிக்கும் பெண்கள் நூறு பேரை இந்தக் களத்தில் நிறுத்துங்கள். நூறு பேரும் அவரவர் ஊரில் ராணி. நூறு பேருக்கும் அவரவர் ஊரில் ஒரு கேக் காத்திருக்கிறது. அந்த நூறில் ஒருத்தியை லீக் அழைத்தால் பெரிது! அழைத்துவிட்டால் இடம் கிடைத்துவிடுமா? அழைக்கப்பட்டவர் எல்லாம் அமர்த்தப்பட்டவரா? பந்திக்குக் கூப்பிடுவார்கள், பார்த்து வரச் சொல்வார்கள், பல்லைக் காட்டி வரவேற்பார்கள். ஆனால் அணியில் தட்டு என்னவோ பன்னிரண்டுதான். நான் பதின்மூன்றாவது பெயர்.

அந்த நூறில் ஒருத்தியாக நான் எப்படி ஆனேன்? என் உயரத்தாலா? என் உழைப்பாலா? இல்லை, உங்களால்! காலை ஐந்தரை மணிக்கு நான் பயிற்சி செய்ய வேண்டும் என்பதற்காக இந்த அரங்கின் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, 'சாவி தொலஞ்சு போச்சு' என்று நான்கு ஆண்டுகள் தலைமையாசிரியரிடம் பொய் சொன்னது யார்? இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொன்னால் ஓய்வூதியத்துக்கு ஆபத்து. பனிப்புயலில் பள்ளிப் பேருந்து நின்றுபோன அன்று, பன்றி ஏற்றும் வண்டியில் எங்கள் அணியையே ஏற்றிக்கொண்டு போய் ஆட்டத்துக்குச் சேர்த்தது யார்? டுவேன் மாமா! அன்று எங்களைத் தடுக்க எதிரணியில் யாரும் பக்கத்தில் வரவில்லை. காரணம் எங்கள் திறமை என்று நினைத்தேன், வாசனை என்று பிறகுதான் தெரிந்தது. இத்தனை பேர் தூக்கிவிட்டுத்தான் ஒருத்தியின் கை வளையத்துக்கு எட்டியது. அதற்கு நான் ஆயுள் முழுவதும் நன்றி சொன்னாலும் தீராது. இது என் நெஞ்சிலிருந்து வருகிறது.

இனி, இந்த மேசைக்கு வருகிறேன். தண்ணீர்க் குவளைக்கு அடியில் ஒரு கடிதம் இருக்கிறது. நாளைக் காலைத் தபாலில், அணி நிர்வாகத்துக்குப் போக வேண்டிய கடிதம். முந்நூற்று எண்பத்தாறு பேர் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கடைசி வரி எனக்காகக் காலியாக இருக்கிறது. பேனாவைக்கூடத் திறந்தே வைத்திருக்கிறார்கள்! அதில் ஒரு வரியைப் படிக்கிறேன். 'முப்பத்தொரு வயதாகி, முழங்காலும் பழுதாகிப்போன லட்ரீஸ் பாட்டிஸ்ட் என்ற ஆட்டக்காரியை வைத்துக்கொண்டு, எங்கள் பெண்ணை அனுப்பியது அநீதி.'

லட்ரீஸ் யார்? முகாமில் என் அறைத்தோழி. லூசியானாக்காரி. நாங்கள் இருவர், மிச்சமிருந்தது ஓரிடம். இதற்கு முன் நான்கு முகாம்களில் நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்டவர். போலந்தில் ஆடினார், துருக்கியில் ஆடினார், ஆறு வயது மகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஐந்தாம் முறையாக வந்திருந்தார். முதல் நாள் காலை, விடுதிச் சாப்பாட்டு அறையில் சோளக் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதக் கஞ்சின்னு எங்க ஊர்ல குடுத்தா உள்ள தூக்கிப் போட்ருவாங்க பாப்பா. நீ ரொட்டியே தின்னு."

எனக்கு ஐஸ் எங்கே கிடைக்கும், எந்த உதவிப் பயிற்சியாளருக்கு எந்த நேரத்தில் கோபம் வரும், எல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர். போட்டியாளருக்குச் சொல்லித் தருகிற பைத்தியம் உலகத்தில் உண்டா? கேட்டேன். "நீ திக்குத் தெரியாம முழிச்சு, அதனால நான் ஜெயிச்சேன்னு வை, எனக்கு அது கணக்குல வராது" என்றார்.

பதினோராம் நாள் கடைசிப் பயிற்சி ஆட்டம். அன்று காலையில் அதே சாப்பாட்டு மேசையில், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "டாக்டர் ஆடலாம்னுட்டாரு. ஆனா எடது கால ஊனித் திரும்புனா உயிர் போவுது. உங்கிட்டதான் சொல்றேன், வாய மூடிக்க." மூடிக்கொண்டேன். வாயை மட்டும்தான்.

களத்தில் என்னைத் தடுக்க அவரையே நிறுத்தினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய இடது பக்கமே போனேன். ஒரு முறை போனேன், பந்து விழுந்தது. மறுமுறை போனேன், மறுபடி விழுந்தது. ஏழு முறை போனேன் ஐயா, ஏழு முறை! ஐந்து கூடை போட்டேன். ஆறாம் முறை அவர் கீழே விழுந்தார். எழுந்து வந்து மறுபடி எதிரே நின்றார். நான் ஏழாவது முறையும் அந்தப் பக்கமே போனேன். நம்பிச் சொன்னவளின் நோவின் மேலேயே நான் நடந்துபோனேன்!

ஐந்து கூடை என்றதும் கைதட்டத் தூக்கிய கைகள் சில அந்தரத்தில் நிற்பது எனக்குத் தெரிகிறது.

மறுநாள் காலையில் பயிற்சியாளர் அறைக்கு அழைத்தார். நான் இடம் கிடைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அஞ்சு கூட போட்ட, பாத்தேன். அந்த நேரத்துல உன் டீம்ல மத்த நாலு பேரும் எங்கெங்க நின்னாங்க? சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"அவளக் கேட்டா சொல்லுவா. பத்துப் பேர் நின்ன எடத்தையும் சொல்லுவா. கீழ விழுந்து கெடந்தப்பகூட 'பின்னால ஆள் வருது, தள்ளிப் போ'ன்னு கத்திக்கிட்டுதான் இருந்தா. உனக்கு அது காதுலயே விழல, இல்ல?"

பெட்டியைக் கட்ட அறைக்குப் போனேன். லட்ரீஸ் கட்டிலில் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழு தடவ. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். "அக்கா, மன்னிச்சிரு" என்றேன். "போடி. நாலு வருஷத்துக்கு முன்னால ஒருத்திக்கு நானும் இதத்தான் பண்ணேன். அவளுக்குத் தோள்பட்ட. இந்தா, இது போலந்துல ஒரு டீமோட நம்பர். ஆட்டம் சுமாராத்தான் இருக்கும், சூப் அமிர்தமா இருக்கும். போய்ட்டு அடுத்த வருஷம் வா." விமான நிலையத்துக்கு அவரே காரில் என்னைக் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "முழங்கால் விஷயம் நம்ம ரூமோட போகட்டும். வெள்ளிக்கெழம மொத ஆட்டம். என் மக டிவில பாக்கப் போறா. மொத தடவ."

சத்தியம் செய்தேன். என் சத்தியம் எத்தனை நாள் தாங்கியது? இரண்டு நாள்! கடைத்தெருச் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்று, 'எப்படிம்மா உன்ன விட்டாங்க' என்று கேட்டபோது, எனக்குத் தோற்றவள் என்ற பெயர் பிடிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு முழங்காலே போச்சு, அவளப் போய் வச்சிக்கிட்டாங்க" என்று சொன்னது இந்த வாய்தான். நீங்கள் என் மேல் வைத்த அன்பு அதைக் கடிதமாக்கிவிட்டது. அந்த ஒரு வரி நிர்வாகத்தின் மேசைக்குப் போனால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு பரிசோதனை, இன்னொரு சந்தேகம், ஐந்தாம் முறையாக ஒரு வெளியேற்றம். ஆறு வயதுக் குழந்தை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்!

ரோண்டா ஏன் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று உங்களில் பலர் முணுமுணுத்தீர்கள். பெற்ற மகளுக்கே ஆகாதவள் என்றீர்கள். உண்மை என்ன? வீட்டுச் சமையலறையில் அம்மாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டார்:

"ஏழுல அஞ்சு விழுந்துச்சு. மிச்சம் ரெண்டு?"

"அவ தடுத்துட்டாம்மா."

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு ரெண்டா?" அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். "அப்ப அவ உன்னவிட நல்லா ஆடுறவடி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். ஒரு கூடையும் போடாமல் ஆட்டங்களை வென்று தந்தவர்கள் நீங்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு நாளும் எண் ஏறாமல் ஆடியவர்கள் நீங்கள். எதிரியை நிறுத்துவதும், தோழியைக் கூவி அழைத்து நகர்த்துவதும், விழுந்தாலும் எழுந்து அதே இடத்தில் நிற்பதும் ஆட்டம் இல்லையா? அதுதான் ஆட்டம் என்று இந்த நாட்டில் எந்த ஊருக்குத் தெரியாவிட்டாலும் இந்த ஊருக்குத் தெரியாதா? லட்ரீஸ் பாட்டிஸ்ட் உங்கள் வீட்டுப் பெண் அம்மா! உங்கள் ஆட்டத்தை ஆடிய பெண்!

டுவேன் மாமா ஏதோ சொல்கிறார். என்ன? "அப்ப எங்க கையெழுத்தெல்லாம் வீணா?" நல்ல கேள்வி மாமா. எதையும் வீணாக்காத ஊர் இது என்று நானே சொன்னேனே. கடிதம் உள்ள மேல்தாளைக் கிழித்து என் பையில் போட்டுக்கொள்கிறேன். கையெழுத்துகள் உள்ள தாள்களின் தலையில் நான் ஒரு வரி எழுதட்டுமா? ஆனால் பெயர் உங்களுடையது. உங்கள் சம்மதம் இல்லாமல் எழுத எனக்கு உரிமை இல்லை. இந்த வரிதான்: 'லட்ரீஸ், பிரிட்டாவின் ஊர்க்காரர்கள் நாங்கள். வெள்ளிக்கிழமை உன் ஆட்டத்தைப் பார்க்க எல்லாரும் உட்கார்ந்திருப்போம்.' முழங்காலைப் பற்றி இன்றோடு இந்த ஊரில் ஒருவரும் பேசக்கூடாது, நான் உட்பட.

சம்மதம் என்றால் கை தூக்குங்கள்.

ஆர்டித் அம்மையார் தூக்கிவிட்டார்கள், கடிதத்தை எழுதியவரே அவர்! போதகர் ஐயா தூக்கிவிட்டார். தாய்மார்கள் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லை. டுவேன் மாமா? "வெள்ளிக்கெழம வெயில் அடிச்சா விதைக்கணும்"கிறார். டிராக்டரில் ரேடியோ இருக்கிறதே மாமா! ஆமாம், அப்படித்தான், கையை இன்னும் உயரத் தூக்குங்கள்.

அம்மா, நீங்கள் எழுந்து வருகிறீர்களா? வாருங்கள். கைப்பையைக் கீழே வையுங்கள். இந்தக் காலி வரி எனக்கு வைத்தது. முதலில் நீங்கள் போடுங்கள், நான் உங்களுக்குக் கீழே போடுகிறேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, செப்டம்பரில் நான் போலந்து போகிறேன். அடுத்த ஆண்டு ஏதோ ஒரு முகாமில் மறுபடி வரிசையில் நிற்பேன். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நூறு பேரின் கதையும் அதுதான். தோற்று வந்தவளுக்குக் கேக் வெட்டும் ஊர் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் தோற்றது என்னைவிட நல்ல ஆட்டக்காரியிடம். அதை நிமிர்ந்து நின்று சொல்ல எனக்கு ஒரு மேடை தந்தீர்கள். தலை தாழ்ந்த நன்றி, வணக்கம்!