சிவப்புக் கோட்டுக்கு மேலே

எங்கள் விடுதிக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஐயா. உப்புத் தண்ணீர் வாவி கூப்பிடு தூரத்தில்தான் கிடக்கிறது. ஆனாலும் உப்புக் கரிக்காது. விசாரணைக்காகத் திருகோணமலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். போகும்போது ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை எழுத்தில் தருவதாகச் சொன்னேன். முப்பத்துநாலு வருடம் எழுதியே பழகிய கை. பேசினால் நான் கொஞ்சம் அங்கும் இங்கும் போய்விடுவேன்.

உங்கள் கேள்வி இதுதான். நவம்பர் பதினெட்டாம் திகதி காலை எட்டேகால் மணியளவில் ஆர்த்திகா வாவியில் மூழ்கிவிட்டாள் என்று தோணிக்காரர் பொலிஸில் சொல்லியிருக்கிறார். அன்றைய வரவுப் பதிவேட்டில் எட்டு இருபத்தொன்பதுக்கு அவள் கையெழுத்து இருக்கிறது. வைத்தது யார்?

நான்தான். இளையதம்பி புஸ்பம், இந்தப் பிரதேச செயலகத்தின் பிரதம இலிகிதர்.

ஏன் என்றும் கேட்டீர்கள். அதற்கு முதலில் விடுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிக்கிறவளுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். தேற்றாத்தீவில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வீடு. எனக்கு ஒன்றும் சரிவரவில்லை, தங்கைக்குச் சரிவந்தது. என் சம்பளத்தில் அந்த வீட்டுக்கு ஓடு போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டியோடு பாதை ஏறி, வாவிக்கு மேற்கே இந்தப் படுவான்கரைக்கு வந்தேன். பாதை என்று நாங்கள் சொல்வது, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைப் படகை. விடுதி, அதாவது குவாட்டஸ், அலுவலக வளவுக்குள் இரண்டு அறை, ஒரு குசினி, கிணறு. வந்து இருபத்தொரு வருடம். ஐந்து வருடத்துக்கு மேல் ஒருவர் அங்கே இருக்கக் கூடாது என்பது விதி. அக்கரையிலிருந்து வரும் புதிய உத்தியோகத்தர்களுக்கு முதலிடம் என்பதும் விதி. அந்தக் கோப்பு என் அலுமாரியில் இருந்ததால் யாரும் அதைப் படித்துச் சிரமப்படவில்லை.

ஆர்த்திகா அக்கரையில் களுதாவளைப் பிள்ளை. தினமும் மோட்டார் சைக்கிளைப் பாதையில் ஏற்றிக்கொண்டு வருவாள். அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்து மூன்று வருடம் முடியப்போகிறது. அது முடிந்தால்தான் நியமனம் நிரந்தரமாகும். புருசன் உதயரூபன் கட்டாரில். கைக்குழந்தை அவளுடைய தாயிடம். இப்போது வருகிற பிள்ளைகளுக்கு என்னென்ன சலுகை என்பதெல்லாம் எங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சுற்றறிக்கையைப் போனில் வைத்துக்கொண்டுதான் மேசைக்கு வருவார்கள்.

"அக்கா, இதோட அஞ்சு விண்ணப்பம் போட்டுட்டன். குவாட்டஸ் என்ன மாதிரி?"

"பரிசீலனையில இரிக்கு தங்கச்சி."

"நீங்க அதுக்குள்ள இரிக்கிறதும் பரிசீலனையில தானாக்கா?"

தேநீர்த் தட்டோடு நின்ற அலுவலக உதவியாளர் முனாப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பிறகு குனிந்து, முனாப்புக்குக் கேட்காமல் சொன்னாள்.

"பால் கட்டிப் போகுதக்கா. பாதையில வரக்குள்ளயே சட்டை நனைஞ்சிடுது. மகன இஞ்ச வச்சிருந்தா பத்து மணிக்கு ஓடிப்போய்க் குடுத்திட்டு வந்திருவன்."

நானும் பெண்தான், ஐயா. எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் எனக்கு ஓய்வு பெற ஒன்பது மாதம் இருந்தது. கேட்க ஆளில்லாத விடுதியில் ஓய்வுக்குப் பிறகும் வாடகைக்கு இருக்க விடலாம் என்று செயலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். கேட்க ஆளில்லாத என்பதுதான் முக்கியம். கேட்டுக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான். அலுத்துப்போய் அவள் தன் ஊர்ப்பக்கம் எழுவான்கரைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போனால் எல்லோருக்கும் நல்லது. குழந்தைக்கும் நல்லது. இப்படித்தான் நான் யோசித்தேன்.

கைரேகை இயந்திரம் ஓகஸ்டில் பழுதானது. திருத்தக் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மறுபடி பதிவேடு வந்தது. வருகிறவர்கள் வரிசையாகக் கையெழுத்து வைப்பார்கள். எட்டரைக்கு நான் சிவப்புப் பேனையால் கோடு கீறுவேன். கோட்டுக்குக் கீழே வைத்தால் தாமதம். மாதத்தில் மூன்று தாமதம் என்றால் தனிப்பட்ட கோப்பில் குறிப்பு ஏறும். நிரந்தரமாகாதவர்களுக்கு அது நல்லதல்ல.

சுவர் மணிக்கூட்டைச் செப்டம்பரில் பன்னிரண்டு நிமிடம் முன்னே தள்ளினேன். ஏன் பன்னிரண்டு என்றால், எட்டு மணிப் பாதையில் வருகிறவர் அலுவலகப் படியேற எட்டு இருபத்திரண்டு ஆகும். இரண்டு கிழமை கவனித்துப் பார்த்திருந்தேன். அந்தப் பாதையில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவள் ஒருத்திதான்.

"மிஸ், உங்கட மணிக்கூடு ஜப்பானுக்குப் போய்ட்டு வந்திரிக்கி போல" என்றார் முனாப்.

"அலுவலக நேரம் அதுதான், முனாப்."

மற்றவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். பத்து நிமிடம் முந்தி வரப் பழகிவிட்டார்கள். போனை நீட்டி நேரத்தைக் காட்டியவள் அவள் மட்டும்தான். நான் சுவரைக் காட்டினேன். அதன்பிறகு அவள் ஏழரைப் பாதையில் வரத் தொடங்கினாள். குழந்தை விழிப்பது ஏழு மணிக்காம். அதன் வாயிலிருந்து பறித்துக்கொண்டு ஓடிவருவதாக முனாப்பிடம் சொல்லியிருக்கிறாள். நவம்பரில் இரண்டு நாள் அந்தப் பாதையும் தவறி, இரண்டு தாமதம் ஏறிவிட்டது. நிரந்தரமாக்கும் சிபாரிசு இருபதாம் திகதி போக வேண்டும்.

பதினெட்டாம் திகதி காலை காற்றும் மழையும். எட்டு மணிக்குக் கொஞ்சம் முந்திப் போன் வந்தது.

"அக்கா, காத்துக்குப் பாதை ஓடல்ல. ஏழரையும் போகல்ல. இண்டைக்கு மட்டும் கோட்டைக் கொஞ்சம் பிந்திக் கீறுங்களன்."

"பள்ளிக்கூட ரீச்சர்மார் தோணியில வந்திட்டாங்களே, தங்கச்சி."

"தோணி ஓடுதா?"

"ஓடாமலா வந்தாங்க?"

போனில் காற்று இரைந்தது. பிறகு, "அப்ப வாறன்" என்றாள்.

எட்டரைக்குக் கோடு கீறினேன். பதிவேட்டைப் பாருங்கள், கோடு நேராகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கு முனாப் ஓடிவந்து வாசலில் நின்றார்.

"மிஸ், தோணி கவிழ்ந்திட்டாம். தோணிக்காரன் நீந்திக் கரையேறிட்டானாம். நம்மட புள்ளயக் காணல்லயாம்."

பின்னேரம் கரையோரக் கண்டல் மரங்களுக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள். தோளில் மாட்டிய பை அப்படியே இருந்தது. அதற்குள் பொலித்தீனில் சுற்றி ஆறாவது விண்ணப்பம். அது நனையவே இல்லை.

எல்லோரும் துறைக்குப் போன நேரத்தில், கடைசிக் கையெழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் கிடந்த சின்ன இடத்தில் அவளுடைய பெயரை எழுதினேன். மூன்று வருடமாகப் பார்த்த கையெழுத்து, கடினமாக இருக்கவில்லை. கடமைக்கு வந்து, வெளிக்களத்துக்குப் போகும்போது இறந்ததாக இருந்தால் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும் என்றுதான் செய்தேன். நேற்று நீங்கள் வேறு மாதிரிக் கேட்டீர்கள். "கோட்டுக்கு மேலே கையெழுத்து இருந்தால், கோட்டுக்குப் பயந்து தோணி ஏறினாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?" அது எனக்குத் தோன்றவே இல்லை என்றேன். தோன்றியது, ஐயா. கொஞ்சம்.

அன்றைக்கு யாரும் தோணியில் வரவில்லை. அக்கரை ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. போனில் அவளுக்குச் சொன்னது பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். காற்றை நான் விடுதி யன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஆனால் அவளுடைய காரியத்தை நான் விட்டுவிடவில்லை. ஆறாவது விண்ணப்பத்தை அன்றே கோப்பில் சேர்த்தேன். விடுதியை அவளுக்கு ஒதுக்கும் கடிதத்தைப் பதினேழாம் திகதியிட்டு அடித்து, செயலாளர் ஒப்பமிடும் முப்பது கடிதங்களோடு வைத்தேன். அவர் ஒப்பமிட்டார். எல்லாம் முறையாக இருக்கிறது.

அதன் பிறகுதான் முன்னறையில் சத்தம். குழந்தை களுதாவளையில் பாட்டியிடம்தான் என்கிறார்கள்; ஆனால் காலை ஏழு மணிக்கு இங்கே அழும். எட்டு இருபத்திரண்டுக்கு முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்கும்; போய்ப் பார்த்தால் படியில் ஈரம் மட்டும் இருக்கும். மணிக்கூட்டைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். அவளும் சரியான நேரத்துக்கு வருகிறாள். பத்து மணிக்கு அழுகை நிற்கும். அப்போது வீடெல்லாம் பால் மணக்கும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியதைத் திருத்த வேண்டும். நவம்பருக்குப் பிறகு அது உப்புக் கரிக்கிறது. முனாப் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இரிக்கி மிஸ்" என்கிறார். எனக்குத்தான் அப்படி.

விடுதியை நான் உடனே விட வேண்டும் என்று உங்கள் அறிக்கையில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். கையெழுத்துக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். ஆனால் அது முறையல்ல, ஐயா. கோப்பின்படி அந்த விடுதி ஆர்த்திகாவுடையது. முன்னறையில் அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். நான் பின்னறையில் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறேன். போகச் சொல்வதென்றால் அவள்தான் சொல்ல வேண்டும்.

இன்றுவரை அவள் ஒன்றும் சொல்லவில்லை.