தேரடியில் இறங்கட்டும், பேட்டையில் நிற்கட்டும்

கடமையைக் கண்ணாகவும் கண்டிப்பைக் கவசமாகவும் கொண்டு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் மலர்க்கொடி அம்மையார் அவர்களே! தேரோடும் வீதிகளை மூங்கில் கழியால் அளந்து அளந்தே தோள் காய்த்துப்போன தேர்க்காரப் பெரியவர்களே! உலையை இறக்கிவைத்துவிட்டு உள்ளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடலை வறுத்தாலும் கரும்பு பிழிந்தாலும் கைநேர்மை தவறாத கிழக்கு வீதிக் கடைக்காரர்களே! கடைசி வரிசையில் நின்றபடி, "சட்டுபுட்டுனு முடிச்சுட்டு எறங்குய்யா" என்று ஜாடை காட்டும் சுண்ணாம்புக்கல் லாரித் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் சுற்றுலாப் பஸ் ஓட்டும் அறிவரசனின் இரு கை கூப்பிய வணக்கம்!

என்னம்மா? சத்தம் பத்தவில்லையா? பதினெட்டு வருடம் ஏர்ஹாரனோடு போட்டி போட்ட தொண்டை இது. மைக்கைப் பிடுங்கினாலும் செந்துறை வரைக்கும் கேட்கும், கவலைப்படாதீர்கள்.

இன்று நம் மழவர்புரம் ஒரு தீர்மானத்தின் வாசலில் நிற்கிறது. சுற்றுலாப் பஸ் எதுவும் இனி ஊருக்குள் வரக் கூடாது, மெயின்ரோட்டிலேயே ஆட்களை இறக்கிவிட வேண்டும் என்பது தீர்மானம். நீங்கள் கையைத் தூக்கினால் முடிந்தது கதை. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு என் பேச்சைக் கேளுங்கள்.

மெயின்ரோட்டிலிருந்து கோயில் எவ்வளவு தூரம்? மூன்று கிலோமீட்டர். வழியில் மரம் எத்தனை? மொத்தம் நான்கு. வருகிறவர்கள் யார்? ஓட்டப்பந்தய வீரர்களா? ஓய்வுபெற்ற வாத்தியார்கள், முழங்காலில் பெல்ட் கட்டியவர்கள், ஒரு கையில் மாத்திரை டப்பாவும் மறு கையில் கேமராவும் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். ஆயிரம் ஆண்டுக் கோபுரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்களை அரியலூர் வெயிலில் போகவர ஆறு கிலோமீட்டர் நடக்கவிட்டு அனுப்புவதா நம் ஊர் வரவேற்பு? மன்னர்கள் வலம்வந்த மாநகரம், மாட மாளிகை கண்ட மாநகரம், ஒரு பஸ் வந்து திரும்ப வழியில்லாத மாநகரம் என்று பெயர் வாங்கப் போகிறோமா?

யாரங்கே? "வழி இருந்துச்சுய்யா, அதுலதான நீ இடிச்ச!" என்கிறீர்களா?

ஆமாம். இடித்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். மறைப்பதற்கு எனக்கு முகமும் இல்லை, மனமும் இல்லை.

போன வருடம் பஸ்ஸுக்கு இடம் குறித்தோமே, எப்படிக் குறித்தோம்? தென்கிழக்கு மூலையில் ஊரே கூடியது. நம் வீரமுத்து தன் பத்துச் சக்கர டிப்பரைக் குவாரியிலிருந்து கல்லோடு கொண்டுவந்தார். "வரட்டும் வரட்டும்" என்று எல்லோரும் கத்த, ஒரே வளைப்பில் வளைத்துக் காட்டினார். கைதட்டல் கோபுரப் புறாவையெல்லாம் கிளப்பியது. "இம்மாம்பெரிய லோடு வண்டியே வளைஞ்சிருச்சு, பஸ்ஸு வளையாதா?" என்றோம். அந்தத் தடத்தை ஒட்டி மஞ்சள் கோடு போட்டோம், பலகை நட்டோம், வடை பாயசத்தோடு சாப்பிட்டோம்.

நம்மைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? பிறந்ததிலிருந்து டிப்பர் முகத்தில் விழித்தவர்கள் நாம். நமக்குப் பெரிய வண்டி என்றால் டிப்பர், கனமான வண்டி என்றால் டிப்பர், தூக்கத்தைக் கெடுக்கும் வண்டியும் டிப்பர்தான். உலகத்தில் அதைவிட நீளமாக ஒரு வண்டி இருக்கும் என்று நமக்குத் தோன்றவே இல்லை!

ஆனால் டிப்பருக்குப் பின்சக்கரத்தோடு உடம்பு முடிந்துவிடும். என் பஸ்ஸுக்குப் பின்சக்கரத்தைத் தாண்டியும் பத்தடி உடம்பு இருக்கிறது. மூஞ்சி வலது பக்கம் திரும்பினால் வால் இடது பக்கம் வீசும்.

போன ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. நாற்பது பேரோடு வந்தேன். எந்த மூலையில் வளைத்தாலும் என் கிளீனர் தர்மராஜ் இறங்கிப் பின்னால் நின்று விசில் கொடுப்பான், அது எங்கள் தொழில் வழக்கம். அன்றைக்கும் கதவைத் திறந்தான். நான் தடுத்தேன். "நம்ம ஊருடா, நம்ம ஆளுங்க போட்ட கோடுடா, பேசாம உக்காரு" என்றேன். மஞ்சள் கோட்டின் மேல் அச்சுப் பிசகாமல் ஓட்டினேன். முன்னால் ஒரு துரும்புகூட அசையவில்லை. பின்னால் வால் வீசியது. இடது ஓரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்க் கீற்றும் விற்றுக்கொண்டிருந்த பெரியம்மாள் அத்தையின் கடை சரிந்தது. தள்ளுவண்டி அவர் கால்மேல் விழுந்தது.

அத்தை போட்ட அலறலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வேனில் ஏற்றியிருந்த பிரியாணி அண்டாக்களை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டு அத்தையை அரியலூருக்குக் கொண்டுபோனாரே நம் கவுஸ் அண்ணன், கல்யாண வீட்டுக்காரர்கள் போன் மேல் போன் போட்டபோது, "சோறு ஆறுனா சூடு பண்ணிக்கலாம், மொதல்ல இந்தம்மா" என்றாரே, அவருக்கு இந்த மேடையிலிருந்து என் சலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அத்தையின் கட்டிலருகே போய் நின்றேன்.

"அத்தை, என்னைய மன்னிச்சுருங்க."

"மன்னிப்பு கெடக்குதுடா. பஸ்ஸு வருதா?"

"வரலைங்க அத்தை. நிறுத்திட்டாங்க."

"அடப்பாவிங்களா! எங்காலு ஒடைஞ்சது பத்தாதுன்னு எம்பொழப்பையும் சேத்து ஒடைக்கிறீங்களா? எடத்த ஒழுங்கா அளங்கடா. அத விட்டுப்புட்டு ஊரையே பூட்டுறீங்களே!"

கேட்டீர்களா? கட்டுப்போட்ட காலோடு, கலங்காத குரலோடு அன்று அவர் சொன்னதைத்தான் இன்று நான் சொல்கிறேன். ஆறு மாதமாகக் கிழக்கு வீதியில் ஈ ஓட்டுகிறோம். அத்தை கம்பூன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். கடை இன்னும் நடக்கவில்லை. இந்த மாதத்துக்குள் இடம் சொல்லாவிட்டால் மழவர்புரத்தைப் பயணப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று சுற்றுலாக் கம்பெனிகள் எழுதிவிட்டன. எடுத்துவிட்டால் பஸ் வராது, ஆள் வராது, அத்தைக்கு எழுந்து வரக் காரணமும் இருக்காது.

தேர்க்காரப் பெரியவர்களே, உங்களைக் கேட்கிறேன். தேர் ஓடுவதற்கு முந்தின வாரம் என்ன செய்கிறீர்கள்? தேரின் அகலத்துக்கு வெட்டிய மூங்கில் கழியைக் குறுக்காகத் தூக்கிக்கொண்டு நான்கு வீதியும் நடக்கிறீர்கள். கழி எந்தக் கூரையில் இடிக்கிறதோ அந்தக் கூரையைப் பின்னால் இழுக்கிறீர்கள். போன வருடம்தான் அளந்தோமே என்று ஒரு வருடமாவது விட்டதுண்டா? தேரை அளக்க மாட்டுவண்டியைக் கொண்டுவந்ததுண்டா? தேருக்குத் தேரின் அளவு! அப்படியிருக்க, பஸ்ஸுக்கு மட்டும் லாரியின் அளவா?

வீரமுத்து எழுந்து நிற்கிறார். என்னண்ணே? "தப்பு எம்மேலயும் இருக்குடா தம்பி" என்கிறீர்களா? உட்காருங்கண்ணே. நீங்கள் உங்கள் வண்டியைச் சரியாகத்தான் வளைத்தீர்கள். தப்பான வண்டியைக் கூப்பிட்டது ஊர். ஊரை நம்பி விசிலை நிறுத்தியது நான்.

இன்னொரு பிழையும் செய்தோம். இறக்குவது வேறு, நிறுத்துவது வேறு. இரண்டையும் ஒரே மூலையில் திணித்தோம். என் கோரிக்கை இதுதான்: தேரடியில் இறங்கட்டும், பேட்டையில் நிற்கட்டும்! தேர் நிற்கும் தேரடியைவிட அகலமான இடம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது? அங்கே பத்தே நிமிடம். ஆட்கள் இறங்கியதும் பஸ் வடக்கு வீதி வழியாக வெளியேறி, சும்மா கிடக்கும் பழைய லாரிப்பேட்டையில் போய்க் காத்திருக்கட்டும். திரும்பும் நேரத்துக்கு மறுபடி வரட்டும். தேர்த்திருவிழா நாட்களில் மட்டும் பேட்டையிலேயே இறக்கிக்கொள்வோம்.

"தேரடியில பஸ்ஸா? சாமி குத்தம்யா" என்று ஒரு குரல் கேட்கிறது. அண்ணே, சாமியைப் பார்க்க வருகிறவர்களைச் சாமி வாசலில் இறக்கிவிட்டால் சாமி கோபிக்குமா? முழங்கால் வலியோடு மூன்று கிலோமீட்டர் நடக்கவிட்டால்தான் கோபிக்கும்!

பேசிப் பயனில்லை, அளக்க வேண்டும். வெளியே பாருங்கள். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி என் பஸ்ஸைக் காலியாகக் கொண்டுவந்திருக்கிறேன். கை தூக்குவதற்கு முன்னால் எல்லோரும் தேரடிக்கு வாருங்கள். சுண்ணாம்புப் பொடியோடு வாருங்கள். கடை போட அத்தை பார்த்துவைத்திருக்கும் வடக்கு ஓரத்தில் ஒரு காலி நாற்காலியைப் போடுவோம். பஸ்ஸை நான் வளைக்கிறேன். வால் போகும் தடத்தில் தர்மராஜ் கோடு போட்டுக்கொண்டே வரட்டும்.

விசில் மட்டும் இன்று அவன் வாயில் இல்லை. இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. அத்தை, முன்வரிசையில் இருக்கும் உங்களுக்குத்தான் இது. கோயில் படியில் உட்கார்ந்து பாருங்கள். என் வண்டியின் நிழல் அந்த நாற்காலியில் பட்டாலும் ஊதுங்கள். ஊதினால் அந்த இடத்திலேயே இறங்கி, தீர்மானத்துக்கு முதல் கையை நானே தூக்குகிறேன். ஊதாவிட்டால், அந்த நாற்காலி உங்கள் கடை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரோடு வருகிறேன். வெள்ளரிப்பிஞ்சைக் கழுவி வையுங்கள்.

என்ன அத்தை சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள், ஊர் கேட்கட்டும்.

"விசிலைக் குடுடா மொதல்ல. இந்தத் தடவ எறங்கிப் பாத்துட்டு வளை!"

உத்தரவு அத்தை! பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், திட்டிக்கொண்டே கேட்ட தோழர்க்கும், தீர்ப்புச் சொல்லப்போகும் தாய்க்கும் நன்றி கூறி, வணங்கி மேடையிலிருந்து இறங்குகிறேன். சாவி என் கையில் இருக்கிறது, எல்லோரும் தேரடிக்கு வாருங்கள்!