ரெண்டாம் நம்பர் பல்லு

— அந்த இரும்பத் தொடாத, தனுஜா. கையெல்லாம் எண்ணெயாயிரும்.

— ஆவட்டும். எம் புருசன் செத்து முப்பத்தோரு நாளாச்சு அண்ணே. கூடப் பொறந்தவன்னுதான் ஒங்க பட்டறையில வந்து நிக்கிறேன். இன்னிக்காவது வாயத் தொறங்க. நாளைக்கு ஹட்டன்ல வெசாரணை.

— சொல்றதுக்கு என்ன இருக்கு தங்கச்சி? தேயில காய வைக்கிற ட்ரையருல, காத்தடிக்கிற பேனு சுத்துற தண்டு, அந்த சாப்டு ஒடஞ்சிச்சு. எறக்கை பறந்து வந்து மாப்புளய அடிச்சிருச்சு.

— அது ஊருக்கே தெரியும். பெக்டரியில என்னா எழுதியிருக்காங்க தெரியுமா? வினோஜன் சாப்ட்ட கோணலா மாட்டிட்டாராம், அவரு கவனக்குறைவாம். பதினாலு வருசம் ட்ரையருகிட்ட நின்ன மனுசன். மக பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து, "அப்பாவுக்கு வேல தெரியாதாம்மா?"ங்குது. நான் என்னா பதில் சொல்ல?

— கொழந்த அப்படியா கேட்டிச்சு?

— கேட்டிச்சு. சும்மா பேச்ச மாத்தாதீங்க. சாப்ட்ட லேத்துல கடஞ்சது நீங்க. அது நேரா இருந்திச்சா, இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.

— இல்ல.

— என்னா இல்ல?

— நேரா இல்ல.

— சொல்லுங்க. நான் நின்னுக்கிட்டே கேக்குறேன்.

— பாரு தங்கச்சி. இதுக்குப் பேரு சக்கு. கடயிற இரும்ப இதுதான் புடிச்சிக்கிட்டுச் சுத்தும். உள்ளுக்க மூணு பல்லு இருக்குல்ல? "ஜா"ன்னு சொல்லுவோம். மூணும் ஒண்ணா நகந்து நட்ட நடுவுல போய்ப் புடிக்கணும். வெளங்குதா?

— வெளங்குது.

— பல்லுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரு அடிச்சிருக்கும். சக்குலயும் அதே நம்பரு. மாத்திப் போட்டா நடுவுக்கு வராது.

— நீங்க மாத்திப் போட்டுட்டீங்களா?

— இருபத்தாறு வருசமா லேத்துல நிக்கிறேன், நம்பர மாத்துவேனா? நம்பரு சரியாத்தான் போட்டேன். அங்கதான் மோசம் போனேன். அந்தா, அந்த லேத்தப் பாரு. அதுவும் இதே கம்பெனி, இதே சைசு. அதுக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணு. பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆனா அதது பல்ல அதது சக்குல மாட்டி வெச்சுத்தான் தேச்சிருப்பாங்க. அதோட ரெண்டாம் நம்பர இதுல போட்டா, வழுக்கிட்டுப் போய் உக்காரும். ஆனா இதோட பல்லு இல்ல அது. அதத்தான் நான் போட்டுட்டேன். வெளங்குதா?

— எவ்வளவு வித்தியாசம் வரும்?

— ரெண்டு முடி கனம்.

— ரெண்டு முடி கனத்துக்கா எம் புருசன் போனாரு?

— ஒரு பக்கம் கடஞ்சிட்டு, திருப்பிப் புடிச்சு மறுபக்கம் கடஞ்சேன். அந்த முனைக்கு ஒரு நடுவு, இந்த முனைக்கு ஒரு நடுவுன்னு ஆயிப் போச்சு. நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து சுத்துற பேன், தனுஜா. ஒவ்வொரு சுத்துக்கும் பேரிங்க இடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. பதினோரு நாளு தாங்குச்சு.

— டயலுன்னு ஒண்ணு வெச்சிருப்பீங்களே, மணிக்கூடு மாதிரி. அத வெச்சு அளந்து பாக்கலியா?

— எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. கொழுந்து குமிஞ்சு கெடக்கு, ட்ரையரு நிக்குதுன்னு பெக்டரி டீமேக்கரு பத்து தரம் போன் பண்ணிட்டாரு. மாப்புளயே த்ரீவீலோட வந்து வாசல்ல நிக்கிறாரு. "மச்சான், சரியா இருக்கும்ல?"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. "நான் கடஞ்சா சரியாத்தான் இருக்கும், கொண்டு போங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே தோள்ல தூக்கி வெச்சிட்டுப் போனாரு. வெசம் குடிச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. சோறு எறங்க மாட்டேங்குது.

— அழுவாதீங்க. நானே இன்னும் அழுது முடிக்கல. பல்லு எப்படி மாறிச்சு?

— மாறிச்சு. விடு.

— அதச் சொல்லாட்டி வெசாரணையில யாரு நம்புவா? பொண்டாட்டி கதை கட்டுறான்னுவாங்க.

— ஆயுத பூசைக்கு ரெண்டு சக்கோட பல்லையும் கழட்டிக் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு சாமிகிட்ட வெப்போம்ல. எந்த சக்கோட பல்லுன்னு அதுல பொடியா அடிச்சிருக்கும். அது மேலயே சந்தனம் காஞ்சு கெடந்திச்சு. சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்க மனசு வரல. பெரிய நம்பர மட்டும் பாத்து மாட்டிட்டேன்.

— யாரு கலந்தது?

— நான்தான். வேற யாரு? எல்லாத்தையும் கடுதாசியில எழுதிட்டேன். நாளைக்கு நானே கொண்டு போய்க் குடுக்குறேன். பட்டறைய மூடச் சொன்னா மூடிட்டுப் போறேன். மாப்புள பேருக்கு ஒரு பழுதும் வராது.

— குடுங்க, பாப்போம்.

— படிக்க வேணாம். அவரு மேல தப்பில்லன்னு இருக்கு. போதாதா?

— எம் புருசனப் பத்தி எழுதுனத நான் படிக்கக் கூடாதா? இங்க குடுங்க... "சாப்டைப் பொருத்திய வினோஜன் மீது எவ்விதத் தவறும் இல்லை." அண்ணே, இந்த ஒரு வரி போதும். இத மகளுக்குப் படிச்சுக் காட்டணும்.

— காட்டு. இப்ப மடிச்சுக் குடு.

— இருங்க. "ஆயுத பூசை அன்று காலை இரண்டு சக்குகளின் பற்களையும் நானே கழுவினேன். கழுவும்போது நானே கலந்துவிட்டேன். வேறு எவரும் அவற்றைத் தொடவில்லை."

— அவ்வளவுதான். குடு.

— அண்ணே.

— குடுன்னேன்ல.

— பூசை அன்னிக்குக் காலையில நீங்க பட்டறையிலயே இல்ல. பூசாரியக் கூட்டியாற பூண்டுலோயாவுக்குப் போயிருந்தீங்க.

— இல்ல தங்கச்சி, அது போன வருசம்.

— இந்த வருசம். ரெண்டு துணியில தனித்தனியா முடிஞ்சு வெச்சிட்டுப் போனீங்க. ரெண்டையும் அவுத்து, ஆறு பல்லையும் ஒரே பேசன்ல கொட்டிக் கழுவுனது நான்.