வெள்ளை ஆமையின் கண்

வேலை தேடிக் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். எனக்கு முன்னால் வெயில் விழும் ஜன்னலோரம் ஒருத்தி இருந்தாள். மடியில் ஐஸ்கிரீம் பெட்டி, அதற்குள் வெள்ளை ஆமைக்குஞ்சு. சாய்ந்தமருதில் ஏறிய அவளுடைய அக்காள், தனக்காகப் பிடித்து வைத்திருந்த பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமைட கண்ணுக்கு ஆராவது சுருமா மை போடுவாங்களாடி?"

"கண் செக்கச்செவேலெண்டு இரிந்திச்சி ராத்தா. கண்நோவெண்டு நினைச்சன்."

"மிருக டொக்டர் என்ன சொன்னார்?"

"பிறப்பிலயே நிறமில்லாத ஆமையாம், கண்ணும் அப்பிடித்தானாம். சுருமாவைக் கழுவிவிட்டார். ஆனா வெயில் பட்டா கண் போயிருமாம். நான் ஒவ்வொரு நாளும் வெயில் காய வெச்சேனே!"



"இப்ப பார்வை இரிக்கா?"

"கொஞ்சம் இரிக்காம்."

அக்காள் எழுந்தாள்.

"இஞ்சால வா. வெயில் பக்கம் நான் இரிக்கிறன்."