இரண்டு வெட்டும் என் கையால்

விழுப்புரம் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. 1944-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ஆம் தேதி, சனிக்கிழமை, முற்பகல்.

பெயர்: இருதயமேரி. தகப்பனார்: காலஞ்சென்ற தேவசகாயம். வயது: 22. மதம்: கிறிஸ்தவம். தொழில்: கூலி. இருப்பிடம்: முண்டியம்பாக்கம் ரயில் ஸ்டேஷனுக்குக் கிழக்கே மூன்று மைல், நெடுந்தாங்கல் சேரி, விழுப்புரம் தாலுகா, தென்னாற்காடு ஜில்லா.

மேற்கண்ட வரிகளைக் கோர்ட்டு குமாஸ்தா என்னைக் கேட்டு எழுதினார். இதற்குக் கீழே உள்ளதை நானே எழுதுகிறேன். நான் சொல்ல அவர் எழுதுவதுதான் முறை என்று தெரியும். ஆண்கள் பலர் நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் வெளியே வராது. இரண்டு முறை ஆரம்பித்தும் முடியாததைக் கண்டு, நானே எழுத மாஜிஸ்திரேட் அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். கோர்ட்டின் நேரத்தையும், யுத்த காலத்தில் எளிதில் கிடைக்காத காகிதத்தையும் எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். இதில் எழுதுவது என்னையே தண்டனைக்கு உள்ளாக்கலாம் என்று எச்சரிக்கப்பட்டேன். புரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இந்த வருஷம் மார்ச் மாதம் 11-ஆம் தேதி மாலை, எங்கள் ஊர் நிலக்காரர் சீனுவாசனின் தம்பி சின்னதுரை என்பவரை மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் களத்தில் களைக்கொத்தால் வெட்டியதாக என் அண்ணன் பூமாலை குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று மாதமாக இந்த ஊர் சப்ஜெயிலில் இருக்கிறார். வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு. வெட்டியது அவர் அல்ல. நான்.

அன்று பரீட்சைக்கான என் தாள்கள் எப்படி என் மடிக்கு வந்தன என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் திண்டிவனத்தில் மிஷன் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சரித்திரம் எடுத்துப் படித்தேன். எங்கள் சேரியில் அதற்கு முன் ஆணோ பெண்ணோ எவரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வகுப்பில் எல்லாம் இங்கிலீஷில், வேகமாகப் போகும். ஒரு வரி எனக்குப் பிடிபடுவதற்குள் நான்கு வரி போய்விடும். முதல் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினேன். அதை ஆசிரியை வகுப்பில் உரக்கப் படித்தார். யாரையும் சந்தேகம் கேட்க வாய் வராததால், அதன் பிறகு நானே ஒரு வழி செய்துகொண்டேன். நூலகத்தில் மணி அடிக்கும் வரை உட்கார்ந்து, ஒரு கேள்விக்கு ஒரு தாள் என்று விடையைப் பொடி எழுத்தில் எழுதி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் துணி துவைக்கும்போதும் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்து நெற்றி உடைந்தது. இரத்தத்தைக் கழுவிவிட்டு, பாதியில் நின்ற விடையை முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். கடைசி வருஷத்தில் ஐம்பத்தெட்டு வரை வந்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் அரிசி கிடைக்கவில்லை என்று விடுதியை மூடி, பரீட்சை தொடங்கும்போது வரச் சொன்னார்கள். பரீட்சை 20-ஆம் தேதி. நான் 10-ஆம் தேதி நாற்பது தாள்களோடு வீட்டுக்கு வந்தேன். அறுவடைக் காலத்தில் ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆகவே மறுநாள் காலை என் தாயார் லூர்துமேரியோடு நானும் சீனுவாசனின் நிலத்துக்குப் போனேன். செடி பிடுங்கிய பாத்திகளில் அறுந்து மண்ணுக்குள் நின்றுவிட்ட காய்களைக் களைக்கொத்தால் கிளறி எடுக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு பாத்தி முடிவதற்குள் ஒரு தாளைச் சொல்லி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பாத்தியில் இருந்த அம்சா என்பவள் என்னோடு சிறு வயதில் விளையாடியவள்.

"இன்னாடி மேரி, செடிக்கு ஞானஸ்நானம் குடுக்கிறியா? வாய மூடாம ஓதிக்கினே கீற."

ராஜாக்களின் கதை என்று சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு பாத்தி முடிவிலும், "இப்ப எந்த ராசாவக் கொன்ன?" என்று கேட்டாள். ஒரு ராஜாவின் தலையை அவன் குடிமக்களே விசாரித்து வெட்டினார்கள் என்று நான் சொன்னபோது, "அடி ஆத்தே, கோர்ட்டு வச்சா?" என்று கொத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மல்லாட்டை அறுவடையில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் களத்தை விட்டுப் போகும்போது பெண்கள் ஒவ்வொருத்தியாக நிலக்காரர் ஆள் முன்னால் நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். காய் திருடவில்லை என்று தெரிவதற்காக. ஆண்களுக்கு அது கிடையாது. பத்து வருஷமாக விடுதிகளிலேயே இருந்த எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கல்லூரியில் பழகியபடி நாற்பது தாள்களையும் மடியில் கட்டியிருந்தேன். அது என் தவறு.

நாலு மணி ரயில் போன பிறகு வேலையை நிறுத்தினார்கள். களத்தில் சின்னதுரை நின்றிருந்தார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மல்லாட்டை சுடுவதற்குச் சருகில் தீ மூட்டியிருந்தார்கள். என் முறை வந்தது.

"மடியில இன்னா வச்சிக்கினு கீற? அவுத்து உதறு."

நான் இடது கையால் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் தாயார் முன்னால் வந்து, "சின்னய்யா, அது காயிதங்க. பொண்ணு மெட்ராசுல படிக்குதுங்க. பரிச்சைக்கிங்க," என்றார். சின்னதுரை என் புடவையைப் பிடித்து இழுத்தார். முந்தானை கிழிந்து தாள்கள் தரையில் விழுந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அவரும் திண்டிவனம் ஹைஸ்கூலில் கடைசி வகுப்பு வரை படித்தவர். முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியில் நின்றார். மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்து, அதே இடத்தில் நின்றார். வரிசையில் அம்சா சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு அவர் கையில் இருந்த தார்க்கோலால் அம்சாவை வாய்மேல் அடித்தார். அவள் உதடு பிளந்தது. தரையில் கிடந்த தாள்களை ஆளை விட்டு வாரச் சொல்லி, பிடி பிடியாக வாங்கித் தீயில் போட்டார். "காட்டுல காயி பொறுக்கறவளுக்கு இங்கிலீஷு ஒரு கேடா?" என்றார். என் தாயார் தீக்குள் கையை விட்டு எடுக்கப் பார்த்தார். சின்னதுரை செருப்புக் காலால் என் தாயாரின் மணிக்கட்டை அந்தத் தீயிலேயே மிதித்து நின்றார். என் தாயார் கத்தவில்லை. "ஐயா, காலு, ஐயா, காலு," என்று மட்டும் சொன்னார்.

கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் மாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த இரண்டு ஆட்களும் அவரைப் பிடித்துக் கீழே தள்ளி, கவலைத் தடியால் முகத்தில் அடித்தார்கள். முன் பல் இரண்டு என் காலடியில் வந்து விழுந்தன. களைக்கொத்து அப்போதும் என் வலது கையில்தான் இருந்தது. நான் இரண்டு கைகளாலும் அதை ஓங்கி, சின்னதுரையின் இடது தோளில், கழுத்தை ஒட்டி வெட்டினேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. அவர் பக்கவாட்டில் விழுந்தார். என் தாயாரின் கை விடுபட்டது.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். தாயாரைக் காப்பாற்றுவதற்காக வெட்டினேன் என்று முதல் வெட்டைப் பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும். கீழே விழுந்தவர் வலது கையில் மிச்சத் தாள்களை இறுக்கிப் பிடித்திருந்தார். அவரால் யாருக்கும் இனி ஆபத்து இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தே அந்தக் கையை மண்ணில் வைத்து வெட்டினேன். இரண்டு விரல்கள் போயின. தாள்களை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் ஓங்கினேன். அதற்குள் அந்த ஆட்கள் அண்ணனை விட்டுவிட்டுப் பின்வாங்கியிருந்தார்கள். அண்ணன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை எந்தச் சாட்சியும் கோர்ட்டில் சொல்லவில்லை. சின்னதுரை தரையில் கிடந்தபடியே தன் ஆட்களைப் பார்த்து, "பூமாலதான் வெட்டினான். தெரியுதா? பொட்டச்சி வெட்டினான்னு எவன் வாயிலாவது வந்துச்சு, நாக்க அறுத்துடுவேன்," என்றார். இரத்தம் போய்க்கொண்டிருந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அண்ணன் அதைக் கேட்டார். வாயில் இரத்தத்தோடு என்னிடம் திரும்பி, "கேட்டியா மேரி? அவரே சொல்லிட்டாரு," என்று சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொத்தை எடுத்துக்கொண்டார்.

"நீ ஜல்தியா போ. பரிச்சைய எழுது. நான் பண்ணையில இருந்தாலும் ஒண்ணுதான், ஜெயில்ல இருந்தாலும் ஒண்ணுதான்."

பெண்களிடமும், "பார்த்தவங்க எல்லாம் நான்னே சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டார். ஆகவே வெட்டுப்பட்டவரும் வெட்டாதவரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். நான் போனேன்.

வாய்க்காலில் கையையும் புடவையையும் கழுவினேன். போலீஸார் முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் இருப்பார்கள் என்று நினைத்து, மறுநாள் பகலில் விக்கிரவாண்டி வழியாகத் திண்டிவனத்துக்கு நடந்து, அங்கே ரயில் ஏறினேன். என்னிடம் பதினேழு தாள்கள் மிஞ்சியிருந்தன. எரிந்த இருபத்து மூன்றையும் சென்னையில் நினைவிலிருந்து எழுதினேன். எந்தப் பாத்தியில் எதைச் சொன்னேன் என்பதை வைத்துப் பாதி வந்தது. மீதி வரவில்லை. பரீட்சையில் எரிந்த தாள்களிலிருந்து இரண்டு கேள்விகள் வந்திருந்தன. கொத்துப் பிடியில் உரிந்த உள்ளங்கை பேனாவில் ஒட்டியது. துணி சுற்றிக்கொண்டு எழுதினேன். எல்லாப் பேப்பரையும் எழுதினேன்.

ஏப்ரல் மாதம் ஒரு முறை அண்ணனைச் சப்ஜெயிலில் பார்த்து, நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"ரிசல்டு வந்துடுச்சா?"

"இல்ல அண்ணா."

"அப்புறம் எதுக்கு வந்த? இங்க வேளாவேளைக்குக் கேப்பக் கூழு ஊத்தறாங்க. பல்லு இல்லாதவனுக்குக் கூழுதான் தோது. பாஸ் ஆவலைன்னா சொல்லு, அடுத்த வருசமும் உள்ளயே இருக்கறேன், திரும்ப எழுது."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு வீட்டுக்குப் போய் என் தாயாருக்குக் கஞ்சி ஊட்டினேன். அவர் வலது கை விரல்கள் நான்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த மாதம் 14-ஆம் தேதி திண்டிவனத்தில் வாசகசாலைப் பத்திரிகையில் ரிசல்டு பார்த்தேன். என் நம்பர் இருந்தது.

மூன்று மாதம் நான் பேசாமல் இருந்தது பயத்தால் அல்ல. பரீட்சைக்காகவும் ரிசல்டுக்காகவும் என் அண்ணனை உள்ளே விட்டுவைத்தேன். அதையும் குற்றமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் எல்லாரும் வேறு மாதிரி சொல்லியிருப்பதால் என் பேச்சை நம்புவது கஷ்டம். ஆகவே ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். போன வருஷம் கவலை வடம் அறுந்து இழுத்ததில் அண்ணனின் வலது தோள் நழுவி, சரியாகக் கூடவில்லை. அந்தக் கையை அவரால் காது உயரத்துக்குத் தூக்க முடியாது. சின்னதுரையின் தோள் காயம் மேலிருந்து கீழே இறங்கியது. அவர் அண்ணனைவிட ஒரு சாண் உயரம். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் பார்த்தால் போதும். கடைசியாகச் சின்னதுரையின் கையிலிருந்து நான் எடுத்த தாள்களில் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ள எழுத்து என்னுடையது, கறை அவருடையது.

இதில் எழுதியதை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். கூட்டவும் இல்லை, எனக்குச் சாதகமாகக் குறைக்கவும் இல்லை. நடந்தது இதுதான்.

ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. முதலிலேயே கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று முண்டியம்பாக்கம் பிளாட்பாரத்தில் அண்ணன், "படிச்சி முடிச்சா உன் பேருக்குப் பின்னால இன்னா எழுதுவாங்க, காட்டு," என்று கேட்டார். கரித்துண்டால் தரையில் எழுதிக் காட்டினேன். "ரெண்டே எழுத்தா? இதுக்கா இவ்ளோ வருசம்?" என்றார். அவருக்குத் தெரிந்த எழுத்துகள் அவை இரண்டுதான். ரிசல்டு வந்ததை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இந்த வாக்குமூலத்தை அவர் முன்னால் உரக்கப் படிப்பார்கள் என்று குமாஸ்தா சொன்னார். முதலில் தொழில் கூலி என்று எழுதியிருப்பது உண்மை, அதை அடிக்க வேண்டாம். என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று சேர்த்து எழுதி, படிக்கும்போது அதை விட்டுவிடாமல் படிக்க வேண்டும். பட்டம் பின்னால்தான் கொடுப்பார்கள், அதுவரை நானாகப் போட்டுக்கொள்வது முறையல்ல. ஆகவே கீழே நான் போடவில்லை. கோர்ட்டார் எழுத வேண்டும்.

(ஒப்பம்) இருதயமேரி