ரோஜா நலங்கு மாவு

இந்தக் காலத்தில் யாரும் முகம் கழுவுவதில்லை. முகத்துக்கு வேலை பார்க்கிறார்கள். கழுவ ஒன்று, துடைக்க ஒன்று, பூச ஒன்று, பூசியதை எடுக்க ஒன்று. உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினால், உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளைகள் எல்லாம் செல்போனைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு மூஞ்சியைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிழவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே என்று ஒருத்தியும் எழுந்திருப்பதில்லை. இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். "அதை விடுங்க பெரியவரே, மாவு விஷயத்துக்கு வாங்க" என்றார். மாவு விஷயமும் இதிலிருந்து வந்ததுதான்.

என் பெயர் சடையப்பன். திருப்புலிவனத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் தம்பி மகள் ஜெயப்பிரியா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் ஆரம்பித்தபோது, நலங்கு மாவு அரைத்துக் கொடுத்தவன் நான். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ. வாரத்துக்கு நாலு படி போதும். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கடை, செங்கல்பட்டில் ஒன்று, தாம்பரத்தில் ஒன்று. சென்னைக்குள் போனதும் பார்லர், ஸ்பா ஆகிவிட்டது. ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். வாசலிலேயே என் செருப்பை வாங்கிக்கொண்டு வேறு செருப்பு கொடுத்தார்கள். உள்ளே மங்கலான வெளிச்சம், எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். வரிசையாகப் படுத்திருந்தவர்கள் முகத்தில் எல்லாம் நான் அரைத்த மாவு. அதையே கண்ணாடிக் குப்பியில் போட்டு, கழுத்தில் சணல் கட்டி விற்கிறார்கள். இப்போது இருபத்திரண்டு கடை. கடையின் பெயரை மூன்று தடவை மாற்றினாள். கடைசியாக வைத்தது என் வாயில் நுழையவில்லை.

எனக்கு வேலை ஏறிக்கொண்டே போனது. காலையில் ஓட ஆரம்பித்த மில் பொழுது சாயும்போதுதான் நிற்கும். இருமினால் சளி மஞ்சளாக வரும். அதற்காக நான் குறை சொல்லவில்லை.

போன பங்குனியில் வந்தாள். காரை விட்டு இறங்கும்போதே கையில் ஒரு ஃபைல்.

"பெரிப்பா, இனிமே நீ அரைக்கற ஒவ்வொரு ஈடும் லேபுக்குப் போவும். அவங்க பாஸ் பண்ணாதான் கடைக்கு."

"இன்னாத்துக்கு? என் மாவுல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லன்னு அவங்க எழுதிக் குடுக்கணும். வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்க."

"இத்தினி வருசமா பூசிக்கினு கீறாங்களே, அவங்க மூஞ்சி எழுதிக் குடுக்கலியா?"

சிரித்தாள். "நீ ஒண்ணு பெரிப்பா. ஆறு மாசந்தான். அப்பறம் ஏனாத்தூர் பக்கம் பெரிய மிஷின் போடறேன். நீ ரெஸ்ட் எடு."

பயறு பழசா புதுசா என்று மாவை மோந்தே சொல்லிவிடுவேன். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவன் சீல் குத்திக் கொடுத்தால்தான் என் மாவு மாவா? அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதை அவளுக்குக் காட்ட வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

விதைப்புக்கு வாங்கியதில் அரை மூட்டைப் பயறு மீந்து கிடந்தது. பூச்சி அண்டாமல் மருந்து புரட்டிய விதைப்பயறு. நல்ல சிவப்பு. பையில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்தப் படத்துக்குப் படிப்பு வேண்டாம். கல்யாண சீசனுக்கென்று பன்னீர் ரோஜா சேர்த்த மாவு கேட்டிருந்தாள். அந்த நிறத்தில் இந்த நிறம் தெரியாது. கலந்து அரைத்தேன்.

மில்லில் சலிக்கிறவள் அம்முலு. மில் வாயில் கட்டிய துணியை உதறினால் விழுகிற மாவு, சலிக்கிறவளுக்கு. அது எங்கள் மில் வழக்கம். கேட்காமலே எடுக்கலாம். அம்முலு மட்டும் கேட்டுத்தான் எடுப்பாள். அவள் மகள் ஏஞ்சலுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம்.

"ஐயா, இத்த எடுத்துக்கட்டா? கொயந்தைக்குத் தேச்சிக் குளுப்பாட்டலாம். வாசன தூக்குது."

"உன் பேத்தி இன்னா, ஸ்பாவுக்குப் போற மகாராணியா?"

"அது இன்னாத்துக்குப் போவணும்? ஸ்பாதான் எங்க வூட்டுக்கு வருதே" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான் கொடுக்கவில்லை, அவள் கேட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் ஜெயப்பிரியா காதுக்குப் போகும். அன்றைக்குச் செவ்வாய். லேப் காகிதம் வெள்ளிக்கிழமைதான் வரும்.

புதன்கிழமை, குழந்தை பால் குடிக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றாள் அம்முலு. லீவு கொடுத்தேன். வியாழன் மதியம் ஏஞ்சலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மில் வாசலுக்கு ஓடிவந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. "டாக்டர் இன்னா குடுத்தேன்னு கேட்டா நா இன்னா சொல்லுவேன் ஐயா? தாய்ப்பால் தவுர ஒண்ணும் குடுக்கலியே" என்று அழுதாள். ஆட்டோ பிடித்துக் கொடுத்தது நான்தான். அதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அம்மா எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குழந்தை போய்விட்டது. மதியம் ஜெயப்பிரியா போன் செய்தாள். லேபில் பாஸ். எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நிம்மதி. அப்போதே அவளிடம் சொல்லியிருப்பேன். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்த அசதி, படுத்துவிட்டேன். சாயங்காலம் வண்டி வந்து மூட்டைகளை ஏற்றிப்போனது. அடுத்த வாரம் கல்யாணப் பெண்கள் சிலருக்கு முகம் வெந்துபோனதாம். போலீஸ் வந்து கேட்டது. சொன்னேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். "லேபுக்குக் கொடுத்தது எந்த மாவு?"

"மொதப் படிம்மா."

ஒவ்வொரு ஈட்டிலும் முதலில் விழுகிற படியைப் பொன்னியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். ஜெயப்பிரியாவுக்கு அது ராசி. லேபுக்கு அதைத்தான் கேட்டு வாங்கிப்போவாள். இதையும் சொன்னேன்.

"அதுலயும் அந்த விதையைக் கலந்தீங்களா?"

"சாமிக்கு வெக்கறதுல எப்டிம்மா மருந்தக் கலப்பேன்? அத்த எடுத்து வெச்சப்பறந்தான் வெதப் பையயே பிரிச்சேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ லேபுக்குப் போனது நல்ல மாவு. அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க எதைச் சோதிச்சீங்க?"

படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். தெரிந்தவனாக இருந்தால் மில்லுக்கே வந்து, மூட்டையின் அடியில் கையை விட்டு அள்ளிப் பார்த்திருக்க வேண்டும். வந்தானா? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் அம்முலு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நா முந்தானில முடியும்போது உனுக்குத் தெர்யுமா?"

ஐயா என்று சொல்லவில்லை.

"தெர்யும். லேபுக்காரனுக்குத்தான் தெர்ல" என்று சொல்லிவிட்டு ஜீப் நின்ற பக்கம் நடந்தேன்.